விருந்தாளிப் பாட்டு

பாலம் தாண்டி நூறடி போனதும் கமுவேலா காரை நிறுத்தினான். வலது பக்கம் கடல், இடது பக்கம் சேப்பங்கிழங்கு வயல். நடுவில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சாலை. வயலுக்கு அப்பால் மேட்டில் பச்சைத் தகரக் கூரை தெரிந்தது.

"உங்க வீடு. நேரா உள்ள விடட்டுமா, இங்கயே நிக்கட்டுமா? நீதான் சொல்லணும்" என்றான்.

ஹவுனானி மடியிலிருந்த குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். மிலியாவுக்கு எட்டு மாதம். விமானத்தில் அழுது தீர்த்துவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.

"இங்கயே நிக்கட்டும்" என்றாள் ஹவுனானி. "நடந்து போய்க் கூப்பிடறேன்."

"உங்கம்மா போன்ல என்ன சொன்னாங்க? பின்பக்கமா வா, சமையக்கட்டு வழியா வா, உங்கப்பாவை அப்புறமா பாத்துக்கலாம்னு சொன்னாங்கல்ல?"

"திருட்டுப் பூனை மாதிரியா? என் புள்ளைய அப்படி இந்த வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டேன்."

கமுவேலா பெருமூச்சு விட்டான். இரண்டு வருடம் முன்பு இதே வாசலில்தான் மாமனாருக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு முற்றியது. இந்த மொலோகாய் தீவில் அவனுக்கு வேலை இல்லை. லாஸ் வேகாஸில் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. தெரிந்தவர்கள் பாதிப்பேர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள். "பாலைவனத்துக்குக் குளிர் விக்கப் போறியா?" என்று கேட்டார் ஹவுனானியின் அப்பா பிலிபோ. "என் பேரன் பேத்தி என்ன பாஷை பேசும்? சூதாட்ட மிஷின் பேசற பாஷையா?" ஹவுனானி புருஷன் பக்கம் நின்றாள். அப்போதுதான் பிலிபோ மகளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார்: "போறவ போ. திரும்பி வந்தா வாசல்ல நின்னு கூப்பிடு. பதில் வந்தா உள்ள வா."

அதன்பிறகு அவர் ஒருமுறைகூட அவளோடு போனில் பேசவில்லை. குழந்தை பிறந்த அன்றும் அம்மா லோகேதான் பேசினாள். பின்னால் அப்பா இருமுவது மட்டும் கேட்டது.

ஹவுனானி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். சாலையோர வேலியின் மரக்கதவு திறந்துதான் கிடந்தது. அது எப்போதுமே திறந்துதான் கிடக்கும். ஆனால் பிலிபோவின் வீட்டில் முன்வாசலுக்கு வருகிறவர்கள் நின்று, பாடி அழைத்து, உள்ளிருந்து பதில் பாட்டு வந்த பிறகுதான் கால் வைப்பார்கள். பதில் வீட்டின் தலைவருடையது. அவர் வாய் திறக்கும்வரை உள்ளே இருக்கும் யாரும் முந்திக்கொண்டு வாசலுக்கு வரக்கூடாது. ஒருதடவை சாலையை அளக்க வந்த அதிகாரிகளை, கூப்பிடத் தெரியாத ஒரே காரணத்துக்காக மழையில் நிற்கவைத்துவிட்டார் பிலிபோ. கடைசியில் அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் பாட்டியைப் போனில் பிடித்து, நாலு வரி கேட்டுப் பாடிய பிறகுதான் அளவுகோல் உள்ளே போனது. பாட்டு வரியைத் தப்பாகச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். கூப்பிட்டவருக்குப் பதில் தராமல் இருந்ததே இல்லை.

அதனால்தான் ஹவுனானிக்குத் தைரியம். மூன்று முறை அழைக்கலாம். மூன்றாவதுக்கும் பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போவதுதான் மரியாதை. அதற்குமேல் நின்றால் இரண்டு பக்கமும் அவமானம்.

அவள் ஒரு மாதமாகப் பயிற்சி செய்த பாட்டு அது. லாஸ் வேகாஸில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும்தான் அவளுக்குத் தன் மொழி வாயில் வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பாடிப் பாடி மெருகேற்றியிருந்தாள். பெரிய சபைகளில், பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் பாடுகிற முறைப்படியான அழைப்பு. அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய அவளுக்குத் தெரியாது.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குரலை எடுத்தாள்.

"மேட்டில் நிற்கும் வீடே, வீட்டைக் காக்கும் மரங்களே,
கடல் கடந்து வந்த வழிப்போக்கி நான்.
உங்கள் மண்ணில் கால்வைக்க உரிமை இல்லாதவள்,
வெயிலில் நிற்கிறேன், வெளியில் நிற்கிறேன்.
இந்த வீட்டின் பெரியவரே, குரல் கொடுங்கள்."

கடைசி எழுத்தை நீட்டி, அடித்தொண்டையில் அதிரவிட்டு நிறுத்தினாள். நன்றாக வந்திருந்தது. அவளுக்கே தெரிந்தது. காரில் சாய்ந்து நின்ற கமுவேலாகூடக் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

நாய் இரண்டு முறை குரைத்தது. யாரோ அதட்டினார்கள். நாயும் அடங்கியது.

பதில் வரவில்லை.

ஜன்னல் திரை அசைந்தது மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். சமையலறைப் பக்கமிருந்து மான்கறி வேகும் வாசனை வந்தது. அம்மா சமைத்திருக்கிறாள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் சமைத்திருக்கிறாள். அப்படியானால் வருகிற விஷயம் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துமா இந்த மௌனம்?

"காது கேக்கலையோ?" என்றான் கமுவேலா மெதுவாக.

"கேக்கும். மீன் துள்ளினாக்கூட அவருக்குக் கேக்கும்."

இரண்டாவது முறை கூப்பிட்டாள். இந்தத் தடவை இன்னும் உரக்க. 'உரிமை இல்லாதவள்' என்ற இடத்தில் குரலை நன்றாகத் தாழ்த்தினாள், அவருடைய கோபத்துக்கு முன்னால் தலையைக் குனிவது போல. வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அவ்வளவுதான். மறுபடியும் வயலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

மிலியா விழித்துக்கொண்டு சிணுங்கினாள். ஹவுனானியின் தொண்டை வறண்டுபோயிருந்தது.

பின்னால் ஹாரன் அடித்தது. பழைய பிக்கப் வண்டி ஒன்று அவர்கள் காருக்குப் பின்னால் வந்து நின்றது. ஸ்டியரிங்குக்கு மேலே தொப்பி மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஹெலேனா.

"யார்றா அவன் ரோட்டை அடைச்சுக்கிட்டு... அட, ஹவுனானி! என் கண்ணே! இடுப்பு எங்கடி போச்சு?"

"புள்ளைக்குக் குடுத்துட்டேன் ஆன்ட்டி" என்றாள் ஹவுனானி. சிரிப்பு வரவில்லை.

"குடுத்தா குடுத்ததுதான், திரும்பி வராது. எனக்கு அஞ்சு புள்ள, என்னைப் பாரு." ஆன்ட்டி ஹெலேனா வாசலையும் வீட்டையும் ஹவுனானியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "எத்தனை தடவை கூப்பிட்டே?"

"ரெண்டு."

"பதிலே தரலியா? பிலிபோவா?" அவள் தொப்பியைக் கழற்றிவிட்டாள். "இப்படி நடந்து நான் பாத்ததே இல்லையே. சரி விடு. எங்க வீட்டுக்கு வா. படுக்க இடம் இருக்கு, சாப்பிட மீன் இருக்கு. உங்கப்பன் கொழுப்பு அடங்கினதும் அவனே வந்து கூட்டிட்டுப் போவான்."

கமுவேலாவின் முகத்தில் ஆசை தெரிந்தது. ஹவுனானிக்கும் அந்த வீட்டு நிழலில் போய் உட்காரலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பிறந்த வீட்டு வாசலில் நின்றவள் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டாள் என்றால் அதற்குப் பிறகு ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

"வேண்டாம் ஆன்ட்டி. இன்னும் ஒரு தடவை இருக்கு."

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் ஆன்ட்டி ஹெலேனா. அதில் கேலி இல்லை. அவள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கரைப்பக்க மண்பாதை வழியாகச் சுற்றிப் போனாள். சாயங்காலத்துக்குள் கிழக்குக் கரை முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

கமுவேலா அருகில் வந்தான். "ஹவு, நான் சொல்றதைக் கேளு. மத்தியானம் ஒரு விமானம் இருக்கு. ஹோனலூலுல என் அக்கா வீட்ல தங்கிக்கலாம். இன்னொரு தடவை என் புள்ளைய இந்த வாசல்ல பிச்சைக்காரி மாதிரி நிக்க வைக்க மாட்டேன். இப்ப திரும்பினா திரும்பினதுதான்."

"மூணாவது தடவை கூப்பிடாம நான் வரமாட்டேன்."

"கூப்பிடு. யாரு வேண்டாம்னாங்க?"

ஆனால் அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டால் முடிந்துவிடும். அந்த ஒன்று கையில் இருக்கும்வரைதான் அப்பா பதில் தரக்கூடியவராக இருந்தார்.

வயலுக்குள் இலைகள் அசைந்தன. முழங்கால்வரை சேறோடு அவள் தம்பி நஹோவா வரப்பின் ஓரமாகக் குனிந்து குனிந்து வந்தான். ஆள் ஆறடி. குனிந்தாலும் தலை சேப்ப இலைகளுக்கு மேலே தெரிந்தது. வாசலுக்கு யாரும் வரக்கூடாது என்பதுதான் முறை. வயல் வழியாக வருவதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

"அக்கா, தண்ணி." பாட்டிலை வேலிக்கு மேலாக நீட்டினான். கண் குழந்தை மேல்தான் இருந்தது. "ஐயோ, இதுவா? இது அப்பா மூக்கு அக்கா! பாவம், பொம்பளப் புள்ளைக்குப் போய்..."

"டேய், உள்ள என்ன நடக்குது? அதைச் சொல்லு."

நஹோவாவின் சிரிப்பு போய்விட்டது. "அம்மா அழுறா. அப்பா உக்காந்திருக்கார்."

"கோவமா?"

"கோவமா இருந்தாப் பரவாயில்லையே. காலையில இருட்டோட எந்திரிச்சார். கல்யாணத்துக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டார். மலைக்குப் போய் இலை பறிச்சு, குழந்தைக்குக் கழுத்தை இறுக்காத மாதிரி ரெண்டு முனையும் சேராத மாலை கட்டினார். உங்க விமானம் இறங்கற நேரத்துலேர்ந்து வீட்டுக் கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தார். கார் சத்தம் கேட்டதும் தொண்டையைக்கூடச் செருமினார். அப்புறம் நீ பாடினே."

"நல்லாத்தானேடா பாடினேன்?"

"ரொம்ப நல்லாப் பாடினே. அதான் பிரச்சனை." நஹோவா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பாதிப் பாட்டுல அவர் சட்டையைக் கழட்ட ஆரம்பிச்சிட்டார். 'விருந்தாளி வந்திருக்கா'ன்னார். 'என் பொண்ணுக்கு இந்த மண்ணுல கால்வைக்க உரிமை இல்லையாம். விருந்தாளின்னா இருந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவா. விருந்தாளிக்குச் சொல்ற பதில் எனக்குத் தெரியும், ஆனா வாயில வரல லோகே'ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போய் உக்காந்துட்டார்."



"அவர்தானே சொன்னார்?" என்று வெடித்தாள் ஹவுனானி. "வாசல்ல நின்னு கூப்பிடுன்னு அவர்தானே சொன்னார்!"

"ரெண்டு வருஷம் முன்னாடி கோவத்துல சொன்னது அக்கா. அவரே மறக்கப் பாத்துக்கிட்டிருக்கார். நீ அதையே புடிச்சிட்டு வந்திருக்கே. நாம எப்பவாவது இந்த வாசல்ல அனுமதி கேட்டிருக்கோமா? ஸ்கூல் விட்டு வந்தா வயல்லேர்ந்தே கத்துவோம், 'நான் வந்தாச்சு, பசிக்குது'ன்னு. நீ வந்து நின்னு, சாலை அளக்க வந்தவங்க மாதிரி..." அவன் முடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நான் போறேன். என்னைப் பாத்தா தொலைச்சுடுவார்."

இலைகள் மறுபடி அசைந்து ஓய்ந்தன.

கமுவேலாவுக்கு நிம்மதி வந்துவிட்டது. "இவ்வளவுதானா? அப்ப 'நான் வந்தாச்சு'ன்னு கத்து. முடிஞ்சுது."

"முடியாது."

"ஏன்?"

"'வந்தாச்சு'ன்னா வந்துட்டேன்னு அர்த்தம். வீட்டுக்கு வந்துட்டேன், இனிமே இங்கதான்னு அர்த்தம். அதை அவர் நம்பிடுவார். பத்து நாள்ல நாம கிளம்பி நின்னா?" அவள் அவனைப் பார்த்தாள். "நாம கிளம்பப் போறோமா, இல்லையா?"

கமுவேலா சாலையைப் பார்த்தான். அந்தக் கேள்வியை அவர்கள் இருவரும் பல வாரங்களாகத் தட்டில் மிச்சம் வைத்த சோறு மாதிரி ஒதுக்கிக்கொண்டே வந்திருந்தார்கள். அங்கே சம்பளம். இங்கே வயல், கடல், அவரோடு ஒரே கூரை.

"இப்ப இந்த வெயில்ல நின்னு அதை நான் முடிவு பண்ணணுமா?" என்றான்.

"வேண்டாம். உன்னை நான் நெருக்கல. பொய் சொல்லாம எப்படிக் கூப்பிடறதுன்னுதான் யோசிக்கிறேன்."

"பொய் சொல்லாம கூப்பிட்டா, கதவு திறக்காம போயிட்டா?"

"அப்ப மத்தியான விமானம்."

சொல்லிவிட்டாள்.  விருந்தாளி என்று பாட முடியாது. வந்துவிட்டேன் என்று கத்த முடியாது. அவளுக்குத் தெரிந்த அழைப்புகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தன. நடுவில் நிற்கிற பெண்ணுக்கு யாரும் பாட்டு கட்டி வைத்திருக்கவில்லை.

அந்த வீட்டில் அன்பை வாய்விட்டுச் சொல்கிற பழக்கமும் கிடையாது. அப்பா காய்ச்சலில் கிடந்தவளின் காலைப் பிடித்துவிட்டிருக்கிறார், தூண்டிலில் விழுந்த நல்ல மீனை எப்போதும் அவள் தட்டில் வைத்திருக்கிறார். சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. அவ்வளவு அழகான சொற்கள் இருக்கிற மொழியை வைத்துக்கொண்டு, மலையையும் மழையையும் புகழ்ந்து நாள்முழுக்கப் பாடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வராது.

மிலியா இப்போது முழுதாக அழ ஆரம்பித்தாள். ஹவுனானி அவளை இடுப்பில் மாற்றிக்கொண்டு, வேலிக் கதவுக்கு நேராக வந்து நின்றாள். கால் விரல்கள் வாசல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றன.

"அப்பா!"

குரலில் மெட்டு இல்லை. இழுப்பு இல்லை. வயலுக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினாள்.

"அப்பா, ஹவுனானி நிக்கிறேன். லோகேயோட பொண்ணு, உங்க பொண்ணு. எத்தனை நாள் இருப்பேன்னு எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். போன்ல நீங்க இருமறதைக் கேக்கறதுக்காகவே அம்மாகிட்ட தினம் வளவளன்னு பேசினேன். உங்களைப் பாக்கணும்னு ரெண்டு வருஷமா நெஞ்சு காஞ்சு கிடக்கு. நீங்க உள்ள காத்திருக்கீங்க, நான் வெளிய காத்திருக்கேன். உங்க பேத்தி பேரு மிலியா. அவ கனமா இருக்கா. என் கை வலிக்குது அப்பா. எனக்கு உங்க மேல..."

அங்கே நின்றுவிட்டது. அலோஹா, அன்பு என்று அர்த்தம்; ஊரெல்லாம் வந்தவரிடமும் போனவரிடமும் சொல்கிற சொல்தான். விமானநிலையச் சுவரில்கூட எழுதியிருக்கிற சொல்தான். அப்பாவிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. குழந்தை வீறிட்டது. பின்னால் நின்ற கமுவேலா ஓரடி முன்னால் வைத்து நின்றுவிட்டான்.

"உங்க மேல உசிரா இருக்கேன்" என்று கத்தினாள் ஹவுனானி. "அவ்வளவுதான். முடிஞ்சுது."

மூன்றாவதும் போய்விட்டது.

காற்று வயலின் மேல் படர்ந்து வந்து, இலைகளைப் புரட்டிவிட்டுப் போனது. அவள் கூரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. கமுவேலா அவள் தோளில் கைவைத்தான். அந்தக் கை 'போகலாம்' என்றது. இன்னும் கொஞ்சம் என்று அவள் தலையசைத்தாள். கை விலகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்து, கீழே வைத்திருந்த குழந்தையின் பையை எடுத்தாள்.

வீட்டுக் கதவு கிறீச்சிட்டது.

பிலிபோ வராந்தாவுக்கு வந்தார். சட்டையில் பாதிப் பொத்தான்கள் போட்டிருந்தன, அதுவும் தவறான ஓட்டையில். முன்பு பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. இருமினார். பிறகு, சாலை திருப்பம்வரை கேட்கும் அந்தப் பழைய குரல் எழுந்தது.

"யார் அழுவது என் வாசலில்?
என் மார்பில் கிடந்த மாலை, அலையில் போன மாலை.
அலையே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.
வெயில் சுட்டதோ என் கொடியை? வா.
கை வலிக்கிறதோ என் கொடிக்கு? வா, கொடு என்னிடம்.
காத்துக் காத்துக் கண் பூத்துப்போனேன்.
மொட்டையும் எடுத்துக்கொண்டு வா, உள்ளே வா."

கடைசி 'வா' உடைந்துபோனது. அதற்குள் ஹவுனானி வாசல் கோட்டைத் தாண்டியிருந்தாள். வரப்புப் பாதையில் அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சேற்றில் போனது. லோகே சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள், இப்போது யாரும் தடுக்க முடியாது.

பிலிபோ மகளைத் தொடவில்லை. முதலில் குழந்தையைத்தான் வாங்கினார். அதன் மூக்கோடு தன் மூக்கை வைத்து, நெற்றியோடு நெற்றி ஒட்டி, மெல்ல மூச்சை உள்ளிழுத்தார். மிலியா திகைத்துப்போய் அழுகையை நிறுத்தினாள். பிறகு அவர் ஒரு கையால் ஹவுனானியின் பிடரியைப் பிடித்து இழுத்து, அவள் நெற்றியையும் தன் நெற்றியோடு சேர்த்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

"பாட்டு நல்லா இருந்துச்சு" என்றார், கரகரத்த குரலில். "முதல்ல பாடினது. இனிமே என் வாசல்ல அதைப் பாடினே, நாயை அவுத்து விடுவேன்."

"அந்த நாய் என்னைப் பாத்தா வாலாட்டும் அப்பா."

"உன்னைவிட அதுக்குப் புத்தி இருக்கு." அவர் தலையை நிமிர்த்தி, வாசலில் இன்னும் வெளியிலேயே நின்றுகொண்டிருந்த மருமகனைப் பார்த்தார். "ஏசிக்காரா! உனக்குத் தனியா வேற பாடணுமா? வண்டியை ஓரமாப் போட்டுட்டு வா. நாலு பேர் போற ரோடு."

கமுவேலா அன்று முதன்முறையாகச் சிரித்தான். "வர்றேன் அப்பா" என்று காரைப் பார்த்துத் திரும்பினான்.

பிலிபோ பேத்தியின் தலைமயிரைக் கோதினார். கோதிக்கொண்டே, மகளைப் பார்க்காமல், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். "எத்தனை நாள்?"

ஹவுனானி அம்மாவைப் பார்த்தாள். லோகேயின் கரண்டி பாதிவழியில் நின்றது.

"தெரியலப்பா. நிஜமாவே தெரியல. அவனோடயும் பேசணும். உங்களோடயும் பேசணும்."

 பிலிபோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோகே அவரைப் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே நின்றது. வயலைப் பார்த்துத் திரும்பினார்.

"பேசலாம்" என்றார்.

குழந்தையை வாங்கிக்கொள்ள ஹவுனானி கை நீட்டினாள். அவர் தரவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, மிலியாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.